கிணற்றைப் பார்க்காத கமரா

ஸ்கூட்டியை மாமர நிழலில் நிறுத்திய கையோடு ஜெயரூபி நேரே கிணற்றடிக்குப் போனாள். உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். இல்லாத வாளியை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் ஊற்றினாள். மூன்று முறை அப்படி ஊற்றிவிட்டு, எழும்பி நின்றும் ஊற்றினாள். காய்ந்த கூந்தலை ஒரு பிழி பிழிந்தாள். ஒவ்வொரு தடவையும் கழுத்தை நீட்டி, வீட்டுக் கூரை, மாமரம், பக்கத்து வளவு மதில் என்று சுற்றிவரப் பார்த்தாள். கமரா பூட்டத் தான் போனில் கூப்பிட்டவள் இவள்தானா என்று வீட்டுக்காரி கமலாட்சிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"பிள்ளைக்கு என்ன, வெய்யில் தலைக்கேறிட்டுதோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் குளிக்கேக்கை எங்கையிருந்து பாத்தாத் தெரிவியள் எண்டு பாக்கிறன்."

அக்கராயன் பக்கம் வீட்டுக் கமரா என்றால் ஜெயரூபிதான். முப்பத்தாறு வயது. நீளக்கைச் சேட்டு, காதிடுக்கில் பென்சில், தோளில் டிறில் மெசின் பை. ஏணி மட்டும் கொண்டுவர மாட்டாள். மாங்காய் பிடுங்க ஏணி இல்லாத வீடு வன்னியில் உண்டா என்பது அவளுடைய துணிவு. இருநூறு வீட்டுக்கு மேல் பூட்டிவிட்டாள். ஆனாலும் போனில் முதல் படம் தெளிகிற அந்தக் கணத்தில் அவளைப் பார்க்கவேண்டும். உச்சிப்படியில் நின்றபடியே, "வந்திட்டுது! படம் வந்திட்டுது! உங்கடை சேவலின்ரை கொண்டையைப் பாருங்கோ!" என்று துள்ளுவாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

கமரா வாங்குகிறவர்கள் எல்லோரும் எண்ணிக்கையில்தான் தொடங்குவார்கள். அது அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. "என்னத்தைப் பாக்கவேணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. எத்தினை கமரா எண்டு நான் சொல்லுறன்" என்பாள். அரிசி ஆலை வைத்திருக்கிற அப்புத்துரை எட்டுக் கமரா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டச் சொல்லிக் கூடவே நடந்தாள். ஏழாவது, நாய்க்கூட்டில் வந்து நின்றது. "அண்ணை, நாய் வீட்டைப் பாக்கும். நாயைக் கமரா பாக்கும். கமராவை ஆர் பாக்கிறது?" அப்புத்துரையின் எட்டு, மூன்றோடு முடிந்தது. அந்த மூன்றிலும் வாசல் படலையைப் பார்ப்பதை ஆள் உயரத்துக்குச் சற்று மேலேதான் பூட்டினாள். கூரை முகட்டில் ஏற்றிவைத்தால் கள்ளனின் தொப்பி மட்டும் அழகாக விழும், முகம் விழாது என்பது அவள் பட்டுத் தெளிந்த பாடம். கரண்ட் போனாலும் ஓடுகிற பற்றறி இல்லாமல் ஒரு வீட்டையும் விட்டு இறங்கமாட்டாள்.

"இவ்வளவு காலமும் எங்கடை சனத்தை எல்லாரும் காவல் போட்டுப் பாத்தவை. இனி எங்கடை சாமானை நாங்கள் பாப்பம்" என்று அவள் சொல்லும்போது, வாங்க வந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

கமலாட்சிக்குப் பார்க்கவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கிணற்று மோட்டர். ஒரே வருடத்தில் இரண்டு மோட்டர் களவு போயிருந்தது. குழாயை அறுத்து, மோட்டரைத் தூக்கிக்கொண்டு, வயல் பக்க ஒழுங்கையால் போய்விட்டார்கள். இது மூன்றாவது, கனடாவில் இருக்கிற மகன் நிருஷன் எடுத்துக்கொடுத்தது. அரை ஏக்கர் மிளகாய் அதை நம்பித்தான் பச்சையாக நிற்கிறது. பயத்தில் கமலாட்சி ஒவ்வொரு நாளும் பொழுதுபட முன்னரே மோட்டரைக் கழற்றி, இடுப்பில் இடுக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைப்பதும், விடிந்ததும் தூக்கிவந்து பூட்டுவதுமாக இருந்தார்.

"மோட்டர் போனா மிளகாய் போச்சு. கமரா வந்தா என்ரை குளிப்புப் போச்சு. கிணத்தடியிலை ஆசை தீர நாலு வாளி ஊத்தினாத்தான் எனக்கு அண்டைக்கு நாள். நீயே சொல்லு பிள்ளை, நான் எதை விடுறது?"

 இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஜெயரூபி கமலாட்சியின் அழைப்பை இரண்டு தரம் தட்டிக்கழித்தாள். மூன்றாம் தரம், மோட்டர் தூக்கித் தூக்கி வந்த இடுப்புநோவைக் கேட்டு மனம் பொறுக்காமல் வந்திருக்கிறாள். கிணறு தெரிகிற இடத்தில் கமரா பூட்டுவதில்லை என்று அவள் சபதம் எடுத்து மூன்று வருடம் ஆகிறது.

அது நெடுங்கேணியில் நடந்தது. ஒரு கடைக்காரரின் வீட்டுக்குப் போட்ட கமரா. படம் எவ்வளவு அகலமாக விழுகிறது என்ற பூரிப்பில் குதித்தவள், அதன் இடது மூலையில் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரியின் கிணறும் விழுந்திருப்பதைக் கவனிக்கவில்லை. கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் போனைக் காட்டியிருக்கிறார் கடைக்காரர். ஜெகதீஸ்வரி சண்டைக்கு வரவில்லை. நாலு தகரம் வாங்கிக் கிணற்றைச் சுற்றி அடைத்தார். ஜெயரூபி ஓடிப்போய்க் கமராவைத் திருப்பிவிட்டு, ஜெகதீஸ்வரியின் முன்னால் போய் நின்றாள். "நீ திருப்பிப்போட்டாய் பிள்ளை. பாத்ததுகளின்ரை கண்ணை என்னெண்டு திருப்புவாய்?" என்று கேட்டார். தகரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நெடுங்கேணிப் பக்கம் வேலை வந்தால், அந்த ஒழுங்கையால் போகாமல் அவள் சுற்றிப் போகிறாள். நல்ல வேலைக்காரி என்ற பெயர் ஊரெல்லாம் இருக்கட்டும். அந்தத் தகரம் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

கமலாட்சியின் போனில் நிருஷன் வந்தான். கனடாவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அக்கா, சுத்திற கமராவாப் போடுங்கோ. நான் இஞ்சையிருந்தே திருப்பித் திருப்பி எல்லாத்தையும் பாப்பன்."

"சுத்திற கமரா நல்ல சாமான்தான் தம்பி. வேணுமெண்டாப் படலைக்குப் போட்டுத் தாறன். கிணத்தடிக்கு அசையாத கமராதான். நீங்கள் குளிக்கேக்கை அம்மா இஞ்சையிருந்து திருப்பித் திருப்பிப் பாத்தா உங்களுக்கு எப்பிடியிருக்கும்?"

 கமலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே பூட்டுவது என்று ஜெயரூபிக்கே தெரியவில்லை. கூரையில் பூட்டினால் மோட்டருக்கு முன்னால் கிணறு விழும். மாமரத்தில் பூட்டினால் தோய்க்கிற கல்லு விழும். கிணற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாள். கப்பி தொங்குகிற இரண்டு சீமெந்துத் தூணில் ஒன்றுக்கு அப்பால்தான் மோட்டர் இருந்தது. அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். கண்ணுக்கு நேரே மோட்டர். அதற்கு அங்கால் மிளகாய். அதற்கும் அங்கால் கள்ளர் வந்துபோன ஒழுங்கை. கிணறு முழுக்க அவளுக்குப் பின்னால்!

"அன்ரி! ஏணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்! கதிரை ஒண்டு தாங்கோ!"

கதிரையில் ஏறினாள். டிறில் மெசின் சத்தத்தில் சேவல் வேலி பாய்ந்தது. கமராவின் பின்பக்கம் கிணற்றுக்கு, கண் மோட்டருக்கு. வீட்டு வைபை கிணற்றடி வரைக்கும் எட்டுமா என்று பார்த்தாள், எட்டியது. நிருஷனின் போனுக்கும் படம் போக வழி செய்தாள். தன் போனை நீட்டிப் பிடித்தாள். திரையில் வட்டம் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பளிச்சென்று மோட்டர்!

"வந்திட்டுது! படம் வந்திட்டுது! உந்த மிளகாய்ப் பழத்தைப் பாருங்கோ, பிடுங்கலாம் போலை கிடக்கு!"

கமலாட்சிக்கும் அந்தக் கொண்டாட்டம் தொற்றிக்கொண்டது. ஆனாலும் விடவில்லை. "கள்ளன் வந்து கமராவையே கழட்டிக்கொண்டு போனா?"

"கொண்டு போகட்டும். அவன் கழட்டி முடிக்க முன்னம் அவன்ரை முகம் கனடாவுக்குப் போயிடும்."

சிரிப்பு அடங்கியதும் கமலாட்சி கிணற்றையும் கமராவையும் மாறிமாறிப் பார்த்தார். முகத்தில் இன்னும் ஒரு ஓரத்தில் தயக்கம். ஜெயரூபி தன் போனை அவர் கையில் வைத்தாள். "இதை விட்டுக் கண் எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போனாள். இந்தமுறை வாளி உண்மையான வாளி. அள்ளி, போட்டிருந்த சேட்டோடு காற்சட்டையோடு தலையில் கொட்டினாள். கமலாட்சி பார்த்தார். மோட்டர் இருந்தது, ஒரு காகம் வந்து குழாயில் இருந்தது. வேறு ஒரு சொட்டும் இல்லை.

"ஆளும் இல்லை, தண்ணியும் இல்லை!" என்று கமலாட்சி கூவினார்.

அப்போது, இன்னும் தொடர்பில் இருந்த கமலாட்சியின் போனில் நிருஷன், "அம்மா, உங்கை ஆரோ குளிக்கினம். கமராவிலை தண்ணி ஊத்திற சத்தம் கேக்குது" என்றான்.

ஜெயரூபிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமராவில் மைக் இருக்கிறது! கிணற்றடி குளிக்கிற இடம் மட்டுமா? பக்கத்து வளவுப் பெண்களும் வந்து மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, வாயில் வந்ததெல்லாம் கதைக்கிற இடம். கண்ணை மறைத்துவிட்டுக் காதைத் திறந்து வைத்திருக்கிறாள். நெடுங்கேணித் தகரம் கண்முன் வந்து போனது. நனைந்த கையைச் சேட்டில் துடைக்க, சேட்டும் ஈரம். கமலாட்சியின் சேலைத் தலைப்பிலேயே துடைத்துவிட்டு, போனை வாங்கி மைக்கை நிறுத்தினாள். ஓடிப்போய் இன்னொரு வாளி ஊற்றினாள். வேண்டுமென்றே பெரிய சத்தத்தோடு ஊற்றினாள்.

"இப்ப?"

"இப்ப கமராவிலை ஒண்டும் கேக்கேல்லை அக்கா. காகம் வாயைத் திறக்குது, சத்தம் இல்லை."

கமலாட்சி மகனிடம், "சரி, வையடா. எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். வீட்டுக்குள் போனவர் சேலையை மாற்றி, நெஞ்சுக்கு மேல் குறுக்குக்கட்டோடும் சவுக்காரப் பெட்டியோடும் வெளியே வந்தார். கமராவை அண்ணாந்தும் பார்க்கவில்லை. நேரே கல்லடிக்குப் போய் வாளியைக் கிணற்றில் இறக்கினார். கப்பி கிரீச்சிட்டது.

சொட்டச் சொட்ட நனைந்த ஜெயரூபி மாமர நிழலில் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக் கதிரையைப் போட்டு இருந்தாள். கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மோட்டர் இருந்தது, காகம் இருந்தது, மிளகாய் இருந்தது. முதல் வாளித் தண்ணீர் கல்லில் விழுந்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது, போனில் கேட்கவில்லை. அவள் போனை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.