மஞ்சள் தண்ணீரைத் தேடி நூம்பல் வரை

காலையில் எழுந்ததும், காப்பிக்கும் முன்னால், கைப்பேசியில் "மஞ்சள் தண்ணீர்" என்று தட்டித் தேடினேன். பதினொரு ஆய்வறிக்கைகள் வந்தன. நல்லவேளை, இன்னும் யாரும் கை வைக்கவில்லை.

நான் தேடியது, நூம்பலில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய அறிவியல் நூலகத்தின் இணையப் பட்டியலில். இந்த வட்டாரத்துக் கிணறு, ஏரி, மண் பற்றிய அறிக்கைகளை மென்பொருளில் ஏற்றி வகைப்படுத்தியவள் நான். வேப்பம்பட்டில் வீட்டிலிருந்தே செய்த வேலை. மென்பொருள் தானாகக் கொடுத்த தலைப்பு "நிலத்தடி நீரில் இரும்பு". அப்படி யார் தேடப்போகிறார்கள்? "மஞ்சள் தண்ணீர்" போல நாம் வீட்டில் பேசும் சொற்களையும் அந்தத் தலைப்போடு இணைத்துவிட்டேன். அறிவியல் பட்டியலுக்கு இது அழகல்ல, திங்கட்கிழமைக்குள் நீக்கிவிடுங்கள் என்றது வேலை தந்த நிறுவனம். மறுத்தால் அடுத்த வேலை வராது. நீக்குவதற்கு முன் அந்த நூலகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் சனிக்கிழமை கிளம்பினேன்.

வேப்பம்பட்டிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து பூந்தமல்லிக்குச் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பருத்திப்பட்டு தாண்டும்வரை உட்கார இடமும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ஆட்டோ, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, பொண்ணுக்கு காலேஜ் சீட்டா?" என்றார் ஓட்டுநர். அந்தப் பக்கம் கல்லூரிகள் நிறைய.

இல்லை, தண்ணீர் பற்றிய அறிக்கைகள் இருக்கும் நூலகத்துக்கு என்றேன். இறக்கிவிட்டவர் கூடவே உள்ளே வந்துவிட்டார்.

"எங்க ஊட்டு போர் தண்ணில இன்னாவோ கீதுக்கா. பக்கெட்டெல்லாம் செவப்பு கறை. நான்தான் துருவ கலந்து ஊத்துற மாதிரி ஊட்டுக்காரி என்னிய திட்டுது."

நூலகர் நஸ்ரின் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. ஓட்டுநர் ஒற்றை விரலால் "பக்கெட் கறை" என்று தட்டினார். அதைச் சேர்த்தேனா?

சேர்த்திருந்தேன், எங்கள் வீட்டு பக்கெட்டைப் பார்த்துத்தான். அதே பதினொன்றும் வந்தன. முதல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அவர் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏமே, தண்ணில இரும்பு கீதாம். புக்குலயே போட்டுக்கீறாங்க. நான் ஒண்ணும் பண்லமே!"

நஸ்ரின் சிரித்துவிட்டார். "இந்த வார்த்தையெல்லாம் யார் போட்டாங்களோ தெரியல. வர்றவங்க என்னைக் கேக்காம அவங்களே தேடிக்கறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் செய்த வேலையை இன்னொருவர் பயன்படுத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடுவார்கள். அடையாள அட்டை அவசியம். அறிக்கைகளை வெளியே கொண்டுபோக முடியாது, படம் எடுத்துக்கொள்ளலாம். பூந்தமல்லியில் இன்னொரு பேருந்து ஏறி வேலப்பன்சாவடியில் இறங்கினால் ஆட்டோ செலவு பாதிதான். திரும்பும்போதுதான் எனக்கே தெரிந்தது.

இன்னொன்று. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் ஒரு சொல்லையும் நீக்கப்போவதில்லை.