ஒரே பொட்டலம்

எங்கள் சொந்தத்தில் அவரைக் கட்டு மாமா என்றுதான் சொல்வோம். பார்சல் ஆபீசில் கட்டுப் போடுகிற வேலை. கண்ணாடிச் சாமானோ கடிகாரமோ தையல் மிஷினோ, எது வந்தாலும் வைக்கோல் திணித்து, சாக்கு சுற்றி, சணலை இழுத்து முடிச்சுப் போட்டு ஒரே கட்டாக்கிவிடுவார். "தனித்தனியா அனுப்பினா ஒண்ணு போய்ச் சேரும், ஒண்ணு தொலையும்" என்பார். வீட்டிலும் அதே கைதான். பயணம் என்றால் செருப்பும் சீப்பும் ஒரே மூட்டையில் வரும்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். சொந்த வேன். பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று முகத்தைச் சுளித்தவர்களே பிறகு, அவள் வந்தால்தான் பிள்ளையை ஏற்றுவோம் என்று வாசலில் நின்றார்கள். பிள்ளைகளுக்கு அவள் வண்டி அத்தை. எது முன்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுக்காது, எது அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணாடியில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு.

அவளுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். அது பாட்டுக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் முழங்கால் வலி என்றாள். கட்டு மாமா மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிவந்தார். முகம் வெளுத்திருக்கிறதே என்று இரும்புச்சத்தும் வாங்கினார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சத்துதானே, சத்து என்ன செய்துவிடும் என்று நினைத்தார். அவள் ஒன்றைப் போட்டு ஒன்றை மறக்கிறாள் என்று, எல்லாவற்றையும் ஒரே தாளில் மடித்து, எழுந்ததும் தண்ணீர் டம்ளரோடு நீட்டுவார்.

"என்னங்க இது, எனக்கும் பார்சலா?"

"ஆமா. அட்ரஸ் உன் வாய்தான். போடு."

அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வாள்.

அதன்பிறகுதான் அவள் சோர ஆரம்பித்தாள். வெயிலில் நின்றாலும் குளிர்கிறது என்பாள். முகம் ஊதிப்போனது, குரல் தடித்துப்போனது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். டாக்டர் ரத்தம் பார்த்தார், டோஸை ஏற்றினார். மறுபடி பார்த்தார், மறுபடி ஏற்றினார். டோஸ்தான் ஏறியதே தவிர உடம்பு தேறவில்லை. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று அவர் கேட்டபோது, "வேற மருந்தே கிடையாது சார்" என்று முந்திக்கொண்டு சொன்னது கட்டு மாமாதான். சத்து மாத்திரையை அவர் மருந்து வகையிலேயே சேர்க்கவில்லை.

வீட்டில் அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. "உன்னைத் தூக்கி நிறுத்தவே ரெண்டு ஆள் வேணும் போலிருக்கே. சோம்பல் வந்துடுச்சுடி உனக்கு" என்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

ஒரு நாள் சிக்னலில் நின்ற வேன் பச்சை விழுந்தும் நகரவில்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அவள் தூங்கியிருந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவள் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"உடம்பு சரியாகிற வரைக்கும் நான் ஓட்ட மாட்டேன். அதுவரைக்கும் சம்பளத்துக்கு ஆள் போடலாங்க. இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்."

"எத்தனை டாக்டர்? இனி உன்னால ஆகாது. வித்துடலாம்."

"கொஞ்சம் பொறுங்களேன். அது என் வண்டிங்க."

அவர் பொறுக்கவில்லை. பிள்ளைகள் விஷயம், பயந்துபோயிருந்தார். அதைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரமே ஆள் பிடித்து விற்றுவிட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். முன்சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு குட்டிச் சாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் கேட்டபடி வேறு டாக்டரிடம் போனது அதற்கப்புறம்தான். உள்ளே விடும் முன் நர்ஸம்மா விசாரித்தாள்.

"காலையில மாத்திரை எப்படிம்மா சாப்பிடறீங்க?"

கட்டு மாமாவுக்குப் பெருமை. சட்டைப் பையிலிருந்து மறுநாளுக்கான பொட்டலத்தையே எடுத்து நீட்டினார். "நான்தாம்மா மடிச்சுக் குடுக்கறேன். ஒரு நாள் தவறினதில்லை."

நர்ஸம்மா பிரித்துப் பார்த்தாள். மாத்திரைகளை மேஜையில் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு, தாளை அவரிடமே கொடுத்தாள்.

"ஐயா, இது தைராய்டு. இது கால்சியம், இது இரும்பு. மூணும் ஒண்ணா உள்ள போனா, தைராய்டு மாத்திரையை உடம்புல சேரவிடாம இதுங்க பிடிச்சு வச்சுக்கும். நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். எத்தனை நாளா இப்படி?"

மனைவிதான் சொன்னாள், மழைக்காலத்திலிருந்து என்று.

"டாக்டரைக் கேக்காம நீங்களா டோஸை மாத்திடாதீங்க. ஏத்தின டோஸ் இனிமே அதிகமாப் போகலாம், அவர் ரத்தம் பார்த்துக் குறைப்பார். சத்து மாத்திரை வேணுமான்னும் அவரே சொல்லட்டும். முடி கொட்டாம இருக்கன்னு ஏதாவது சாப்பிடறீங்களா? அதுவும் சொல்லணும், சிலதுல ரத்த ரிசல்ட்டே தப்பா வரும்."

"அது அடுத்த பார்சல்ல வர்றதா இருந்துச்சும்மா" என்றாள் மனைவி. நர்ஸம்மா சிரித்துவிட்டாள். அவர் அந்தத் தாளையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சில மாதத்தில் அவள் தேறினாள். முகம் வடிந்தது, பழைய குரல் வந்தது. அவருக்கு முன்னால் எழுந்து, அவர் போர்வையை இழுத்து வம்பு செய்தாள். கட்டு மாமா யாரிடமும் சொல்லாமல் வேனை வாங்கினவனிடம் போய் நின்றார்.

"கூட வேணும்னாலும் தர்றேன் தம்பி. திருப்பிக் குடுத்துடேன்."

"இருந்த வேலையை விட்டுட்டு இதை எடுத்தேன் மாமா. என் பொண்டாட்டி புள்ளைங்க இதை நம்பித்தான் இருக்காங்க. நான் எங்க போவேன்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறு வேன் வாங்கினாலும் ஏற்றப் பிள்ளைகள் இல்லை, எல்லாரும் இப்போது அவன் வண்டியில்தான். திரும்பி நடந்தே வந்தார்.

வீட்டில் இப்போது பொட்டலம் இல்லை. எழுந்ததும் உள்ளங்கையில் ஒரே ஒரு மாத்திரையும் தண்ணீரும் தருவார். டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்ன கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடுதான். அவள் ஒரு நாளும் அவரைக் குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தினமும் காலையில் அந்த வேன் தெருமுனையில் திரும்பும். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவள் கை நிற்கும். "செகண்ட் கியர்லயே இழுக்கறான் பாருங்க" என்பாள். அப்போது அவள் இடது கால் தானாகவே தரையை அழுத்தும், கிளட்சை மிதிப்பது போல. வேன் சத்தம் போன பிறகுதான் காலை எடுப்பாள். கட்டு மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்துக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைப்பார், கழுவுவதற்கு.