படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி

செம்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழேயிருந்து முப்பத்தாறு படிகள். ஒன்பது ஒன்பதாக நான்கு பகுதிகள். பதினாறு வருடமாக எண்ணிக்கொண்டேதான் ஏறுகிறேன். போன மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சல் வந்து போனபிறகு, பதினெட்டாவது படியில் என் கால்கள் நின்றுவிட ஆரம்பித்தன. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. உடம்பிலிருந்த தெம்பை யாரோ குழாயைத் திறந்து வடித்துவிட்ட மாதிரி இருக்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாராவது வந்தால் செல்போனைப் பார்ப்பதுபோல நடிப்பேன்.

காய்ச்சலுக்குப் பிறகு வரும் அசதி, இரண்டு வாரத்தில் போய்விடும் என்றார்கள். நான்கு மாதம் ஆயிற்று. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரி இருந்தது. குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டும். பேப்பரில் ஒரே பத்தியை மூன்று தடவை படித்தேன். ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது பாட்டுக்கு எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது நான்கு பேர் விசாரித்தார்கள். ஒருவர் முருங்கைக்கீரை சூப் சொன்னார், ஒருவர் பேரீச்சம்பழம், ஒருவர் கேரளத்து எண்ணெய். நான்காமவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் மனசுதான் சார்" என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், சபையில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர் அவர்தான். 

பதினோரு பரிசோதனைகள் எடுத்தார்கள். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின், ஈரல், சிறுநீரகம், இதயத்துக்கு மட்டும் இரண்டு. பதினோரு தாளிலும் நார்மல். நான் திருமுடிவாக்கத்தில் ஒரு தொழிற்கூடத்தில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன். ஒரு பொருளை அளந்து சரி, சரியில்லை என்று முத்திரை குத்துவதுதான் என் வேலை. எல்லா அளவும் சரியாக இருந்து, கடைசியில் பூட்டும்போது மட்டும் உட்காராத உருப்படிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் தனியாக ஒரு தட்டில் வைப்போம். நானும் இப்போது அந்தத் தட்டில்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. வியாதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன் போலிருந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் நான் பார்க்கும் டாக்டர் அம்மா அதிகம் பேச மாட்டார். தாள்களை இரண்டு முறை புரட்டிவிட்டுச் சொன்னார்: "கண்டுபிடிக்க முடியலைன்னுதான் சொல்றேன் சார். ஒண்ணுமே இல்லைன்னு சொல்லல. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாப்போம். அதுவரைக்கும் உடம்பைப் போட்டு விரட்டாதீங்க."

நான் காதில் வாங்கியது "ஒண்ணுமே இல்லை" என்ற பகுதியை மட்டும்தான்.

இந்த நிலைமையில் ஜெர்மனியிலிருந்து மகள் கூப்பிட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இப்போது ஐந்தாவது மாதம். அம்மா பிரசவத்துக்கு வர வேண்டும். விசா தொண்ணூறு நாளுக்குக் கிடைக்கும், இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவ்வளவு தூரப் பயணம் எனக்கு முடியாது என்பது மூன்று பேருக்குமே தெரியும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: எழுபத்தொரு வயதில், பதினெட்டாவது படியில் நின்றுவிடுகிற என்னைத் தொண்ணூறு நாள் தனியாக விட்டுவிட்டு என் மனைவி போவாளா?

போக மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். ஒருநாள் சாயங்காலம் நான் உள்ளே படுத்திருக்கும்போது கூடத்தில் போன் ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது.

"நான் சமாளிச்சுக்குவேம்மா. இங்க பக்கத்து வீட்ல ஒரு அக்கா இருக்காங்க. அப்பாவைப் பாத்துக்கோ."

தன் முதல் பிரசவத்துக்கு ஒரு பெண் தன் அம்மாவை என்னிடம் விட்டுக்கொடுக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மறுவாரம் வியாழக்கிழமை எழும்போதே உடம்பு லேசாக இருந்தது. பழைய நான் திரும்பி வந்த மாதிரி. விடவே கூடாது, இன்றைக்கே நிரூபித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். ஏரிக்கரை வரை நடந்தேன். ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய், ரயில்வே நடைபாலம் ஏறி இறங்கி, மேற்கே மார்க்கெட்டில் ஆறு வகைக் காய் வாங்கினேன். திரும்பி வந்து ஸ்டூல் போட்டு ஏறி மூன்று மின்விசிறிகளைத் துடைத்தேன். மத்தியானம் ரசம் நானே வைத்தேன்.

"பாத்தியா? இப்ப விசாவுக்குப் போடு" என்றேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உப்பு கம்மி" என்றாள்.

வெள்ளிக்கிழமை சமாளித்தேன். சனிக்கிழமை காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. ஒன்பது நாள். பல் தேய்க்கக் கையைத் தூக்குவதுகூட வேலையாக இருந்தது. ஐந்தாம் நாள் அவள் கஞ்சி கொண்டுவந்து உட்கார்ந்தபோது மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஏதோ முனகினேன்.

"நீங்க படுத்திருக்கறப்ப எனக்குப் பயம் இல்லீங்க" என்றாள். "படுத்திருக்கார், தெரியுது. நீங்க நல்லா இருக்கேன்னு கிளம்பறீங்களே, அன்னைக்குத்தான் பயமா இருக்கு. நான் இல்லாதப்ப இப்படி ஒரு வியாழக்கிழமை வந்தா யாரு கஞ்சி குடுப்பா?"

கஞ்சியைக் குடித்தேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்த மூன்றாம் நாள், பால்கனி கிரில்லைச் சரிசெய்ய வெல்டர் வந்தார். துருப்பிடித்து இரண்டு கம்பி கழன்றிருந்தது, புறாக்கள் உள்ளே வந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. வெல்டருக்கு நாற்பது வயதிருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு வந்த சின்ன மெஷினை வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். நான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலையை மேற்பார்வை பார்க்கிற குணம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. ஐந்தாறு நிமிடம் வெல்டு வைத்தார், நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, அதுக்குள்ள நின்னுட்ட? நாலு இடம்தானே வெச்ச?"

"மெஷினுக்கு ரெஸ்ட் சார்."

"மெஷின் பழுதா?"

"மெஷின் சோக்காத்தான் கீது. பத்து நிமிசத்துல ஆறு நிமிசம்தான் வெக்கணும், நாலு நிமிசம் சும்மா வுடணும். பின்னாடி எழுதிக்கீது பாருங்க."

எங்கள் தொழிற்கூடத்தில் இருந்த பெரிய மெஷின்களிலும் இப்படி எழுதிய தகடு இருக்கும். படித்திருக்கிறேன். ஆனால் நான் அளந்தது வெல்டிங் முடிந்து வந்ததைத்தான், வெல்டிங் நடக்கும்போது நின்று பார்த்தவனில்லை.

"சூடானா லைட் எரியுமே. அப்ப நிறுத்தினா போதாதா?"

"அது எரிஞ்சுதுன்னா முட்ச்சிது சார். அரை மணி நேரம் பேஜாரு, இன்னா பண்ணாலும் ஓடாது. எரியவே வுடக்கூடாது. சூடாவறதுக்கு முன்னாடியே நிறுத்திக்கினா நாள் பூரா ஓடும்."

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அதை அவருக்கு இன்னொரு வாட்டி சொல்லுங்க."

வெல்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, சாரும் லைட் எரியற வரைக்கும் ஓட்றாரா?"

"ஒம்பது நாள் எரிஞ்சுது."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு இடத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிகம் என்று சொல்லி ஆறுதல் அடைந்தேன். அவர் ஏழு தடவை நின்று, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து தூங்கிய மணி, நடந்த அடி, படுத்துக் கிடந்த நாள் எல்லாம் அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். டாக்டரிடம் காட்டிக் குறையைக் கண்டுபிடிக்க வைப்பதற்காக எழுதியது. மறுநாள் அதை வேறு கண்ணோடு புரட்டினேன். எட்டு மாதத்தில் பதினான்கு முறை படுக்கையில் விழுந்திருக்கிறேன். அதில் பன்னிரண்டு முறை, விழுவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால், "இன்று நன்றாக இருந்தது" என்று என் கையெழுத்தில் இருந்தது. கீழே கோடும் போட்டிருந்தேன்.

பக்கத்து டீக்கடை எங்கள் வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது காலடி தூரம். நான் எப்போதும் களைப்பு வரும்வரை நடந்து, அதற்கப்புறம் திரும்புவேன். அதாவது வீட்டுக்கு வரும் வழி முழுவதையும் கையில் இல்லாத தெம்பில் நடந்திருக்கிறேன். இவ்வளவு எண்ணத் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அன்று முதல் நூற்று இருபதாவது அடியில், தெம்பு இருக்கும்போதே, திரும்பினேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் விடுவார்களா?

"என்ன சார், பாதியிலேயே யு-டர்ன்? வீட்ல அடுப்பை அணைக்க மறந்துட்டீங்களா?"

"கடன்காரன் யாரோ எதுக்க வரான் போல."

சிரித்துவிட்டுத் திரும்பினேன். நடுவில் ஒரு நாள் ரோஷம் வந்து டீக்கடை வரை போய்விட்டேன். இரண்டு நாள் படுக்கை. நோட்டில் எழுதினேன். அதற்கப்புறம் போகவில்லை.

நடையைக் குறைக்கலாம், படியைக் குறைக்க முடியாது. ஆகவே முதல் மாடிக்கு ஏறியதும் வரும் திருப்பத்தில், சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தேன். பதினெட்டாவது படிக்குப் பிறகு, கால் நிற்பதற்கு முன்பே உட்கார்ந்து ஐந்து நிமிடம். நான்கே நாளில் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வந்து நின்றார். தயங்கித்தான் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. காமன் ஏரியாவுல யாரும் எதையும் வைக்கக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கு."

"தெரியும்."

"நீங்க கொண்டுவந்த தீர்மானம் சார் அது. பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்டுன்னு எல்லாத்தையும் எடுக்க வெச்சீங்க. முதல் மாடி அக்கா இன்னும் அந்தத் துளசித் தொட்டியைப் பத்திப் பேசறாங்க."

உண்மைதான். நான்காவது தீர்மானம், மூன்று உட்பிரிவுகள், வழியின் அகலம் அங்குலக் கணக்கில். எழுதியது நான். நாற்காலியை எடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. எடுத்தால் மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்போனைப் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து விலக்குக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். "தற்காலிக அசௌகரியம்" என்று ஆரம்பித்து அடித்தேன். "முழங்கால் வலி காரணமாக" என்று எழுதி அதையும் அடித்தேன், முழங்காலில் வலி இல்லை. மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன்: "எட்டு மாதங்களுக்கு மேலாக எனக்குக் காரணம் தெரியாத களைப்பு இருக்கிறது. பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை. முப்பத்தாறு படிகளை என்னால் ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. இது எப்போது சரியாகும் என்று சொல்ல முடியவில்லை. நாற்காலியை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்."

கடிதத்தைக் கவரில் போடுவதற்கு முன்னால் என் மனைவி எடுத்துப் படித்தாள். அவள் படித்து முடிக்க இவ்வளவு நேரமா என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"முடியலைன்னு நீங்களா எழுதினீங்க?"

"வேற யாரு எழுதுவா?"

"நாப்பத்தி மூணு வருஷத்துல இப்பத்தாங்க பாக்கறேன்."

தாளை மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். பிறகு கூடத்துக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள். "விசாவுக்கு என் பாஸ்போர்ட் காப்பி, இன்னும் என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் அனுப்பு" என்று அவள் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

அனுமதி கிடைத்தது. முதல் மாடி அக்கா சம்மதித்ததோடு, துளசித் தொட்டியையும் திரும்ப வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை.

என் மனைவி கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. விமானம் மத்தியானம்தான், மீனம்பாக்கம் எங்களுக்கு அரை மணி நேரத் தூரம்தான். வழியனுப்பப் போவதாகவே நான் இருந்தேன், சட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் முந்தின நாள் பெட்டிகளை எடை போட்டு, எடுத்து, வைத்து, மறுபடி எடை போட்டதில் காலையிலேயே உடம்பு எனக்குச் சொல்லிவிட்டது. போக வேண்டுமென்றால் போகலாம். சாதாரணமாகப் போய்வந்துவிடுவேன். அதன் விளைவு புதன்கிழமைதான் தெரியும்.

கார் வந்துவிட்டது என்று டிரைவர் போன் செய்தார். பெட்டிகளை அவரே வந்து இறக்கினார்.

"நான் வரல" என்றேன்.

கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். முதல்முறையாக அவ்வளவு தூரம் தனியாகப் போகிறாள்.

"கீழயும் வர வேண்டாம்" என்றாள். "பால்கனியில நில்லுங்க. இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு."

பால்கனியில் நின்றேன். கார் திரும்பும்போது அவள் கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தாள்.

இன்று நாற்பத்தேழாவது நாள். மகளுக்குப் பெண் குழந்தை, பிறந்து பதினேழு நாள் ஆகிறது. டாக்டர் அம்மா மறுபடியும் பரிசோதனைகள் எடுத்தார். எல்லாம் நார்மல். களைப்பு போகவில்லை. ஆனால் இந்த நாற்பத்தேழு நாளில் ஒரு முறைதான் விழுந்தேன், அதுவும் ஒன்றரை நாள். சாதம் குக்கரில், இட்லி மாவு கடையில், புதனும் ஞாயிறும் முதல் மாடி அக்காவின் குழம்பு. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது இங்கே கொண்டுவரப் போகிறார்கள். அதற்குள் இருநூறு அடி நடப்பேன் என்று நினைக்கிறேன். அவசரமில்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மனைவி வீடியோவில் கூப்பிடுகிறாள். முதலில் குழந்தையைக் காட்டுவாள். பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பாள்.

"இன்னைக்கு உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கு."

"அப்படியா?" குரல் உடனே மாறும். "நல்லா இருந்துதுன்னு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. படுத்திருந்தேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடி குழந்தையைக் காட்டுகிறாள்.