செல்வியின் மணி பிளான்ட்

எங்கள் தீவின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் கப்பலேறி மெயின்லாந்துக்கு லீவில் போகிறவர்கள் செடிகளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவது வழக்கம். ஒரு மாத லீவுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு செல்வி, தன் மணி பிளான்ட்டை என்னிடம் கொடுத்தாள். என் குரோட்டன்ஸில் ஏற்கெனவே இருந்த மாவுப்பூச்சி அதிலும் ஏறி, செடி பட்டுப்போனது. போனில், “உன் செடியிலிருந்துதான் பூச்சி வந்தது” என்று சொல்லிவிட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கியவள் வேப்பெண்ணெயோடு வந்தாள்.

“மாஃப் பண்ணுங்க அக்கா, என்னால உங்க செடியும் கெட்டுப்போச்சு” என்றபடியே குரோட்டன்ஸின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அடித்தண்டைப் பார்த்ததும் கை நின்றது. அங்கே பல மாதத்து வெள்ளைப் படிவு. வேப்பெண்ணெயைத் தொட்டு அதையும் துடைத்தாள்.

அடுத்த லீவுக்கும் புதுச் செடியை என்னிடமே கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு, அவள் கண்முன்னாலேயே குரோட்டன்ஸைத் தூக்கி வெளியே வைத்தேன். வாயால் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.