ஒரு துணைக் கேள்வியும் கூரை இல்லாத வீடும்

1. விக்கிரவாண்டிக்குப் பிறகு

மந்திரியாக நான் முதன்முதலில் பதில் சொன்னது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகுதான். அதுவரை நான் டிரைவர் மட்டும்.

என் பெயர் ஏழுமலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியில் முதலில் ஷேர் ஆட்டோ ஓட்டினேன், பிறகு வாடகைக் கார், அதன் பிறகு எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வண்டி. அவருடைய பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. என்னை வேலைக்கு வைத்ததற்கு அதுதான் காரணம் என்று அண்ணனே ஒருமுறை சொன்னார். இப்போது இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். "எழுது, என்னை ரொம்ப வாரிடாத" என்றார்.

அன்று விடியும் முன் கிளம்பினோம். சட்டமன்றத்தில் அண்ணனின் கேள்வி அன்றைய பட்டியலில் வந்திருந்தது. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கான பதிலை மந்திரி தாளைப் பார்த்துப் படிப்பார். உயிர் அதில் இல்லை. அதற்குப் பிறகு உறுப்பினர் எழுந்து வாயால் கேட்கும் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. அது என்ன கேள்வி என்று மந்திரிக்கு முன்னால் தெரியாது. வழக்கமாக அண்ணனுடைய பிஏ கூட வந்து அதைத் தயார் செய்வார். அன்று அவருக்குக் காய்ச்சல்.

"ஏழுமலை, நீதான் மந்திரி. நான் கேக்குறேன், நீ பதில் சொல்லு" என்றார் அண்ணன், பின்சீட்டிலிருந்து.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்?"

"கோட்டையில வண்டிய நிறுத்திட்டுப் போன்ல தெனம் கேள்வி நேரம்தானே பாத்துக்கினு கீற? அதுல அவங்க சொல்றத சொல்லு."

2. வெள்ளையம்மா

விஷயம் இதுதான். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே வெள்ளையம்மா என்று ஒரு பெண். கணவர் இல்லை. அரசு வீட்டுத் திட்டத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. இந்தத் திட்டத்தில் பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பி வாசல் நிலைக்கு மேலே லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்.

லிண்டல் மட்டத்துத் தவணை வந்த சமயத்தில் ஒரு நிதிக் கம்பெனி மலைக்குள் வந்தது. பணத்தைப் போட்டால் சில மாதத்தில் பெருகிவிடும், கூரையோடு டைல்ஸும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வெள்ளையம்மாவும் அவர் ஊரில் பாதிப் பேரும் போட்டார்கள். கம்பெனி ஷட்டரை இழுத்து மூடிவிட்டது. பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. வெள்ளையம்மாவின் வீடு சுவரோடு நின்றது. பக்கத்தில் ஷீட் போட்ட கொட்டகையில் இருந்தார்.

மார்ச் முடிவதற்குள் கூரை போடாவிட்டால் வீட்டு ஆணை ரத்தாகும், கொடுத்த தவணையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் ஆபீசுக்கு வந்தார். அழவில்லை.

"பணம் போனது போவட்டும் சாமி. செவுரு நான் மண்ணு சுமந்து எழுப்புனது. அத வுட்டுட்டு எங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

3. பின்சீட்டுக் கேள்விகள்

முதல் கேள்வியை அண்ணன் மேடையில் பேசுவதுபோல் கேட்டார். "ஏழை மக்கள் வயித்துல அடிச்ச அந்தக் கம்பெனிக்காரனுங்கள எப்ப புடிப்பீங்க? இந்த அரசு இன்னா பண்ணிக்கினு கீது?"

நான் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னேன். "வழக்கு கோர்ட்ல இருக்குது. அதப் பத்தி இங்க பேசுறது முறையில்லைங்க."

"அட!" என்றார் அண்ணன். கொஞ்ச தூரம் போனதும் அடுத்தது. "சரி, அந்தப் பணத்த எப்ப வாங்கிக் குடுப்பீங்க?"

"அது போலீஸ் இலாகாவுல வருது. எங்கிட்ட வூட்டு இலாகாதான் கீது. உறுப்பினர் அந்த மந்திரியத்தான் கேக்கணும்."

"யோவ், நல்லா நழுவுறய்யா. அப்ப வூடு கட்ட முடியாம நிக்கிறாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"திட்டப்படி குடுக்க வேண்டியத நாங்க குடுத்துட்டோம். வாங்குனவங்க வேற எடத்துல போட்டா அரசு இன்னா பண்ணும்?"

"வண்டிய ஓரங்கட்டு!"

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அண்ணன் இறங்கி முன்பக்கம் வந்து என் ஜன்னலில் குனிந்தார்.

"நெசமாவே அப்படித்தான் நெனைக்கிறியா?"

"நான் இல்லண்ணே. மந்திரி அப்படித்தான் சொல்லுவாரு."

"உனக்கு மந்திரி பதவி ஒத்துக்கல. டீ சொல்லு."

டீ குடித்த பிறகு செங்கல்பட்டு வரை அவர் கேள்வித் தாளையே புரட்டிக்கொண்டு வந்தார். நான் மூன்று முறை நழுவியதில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல் ஆரம்பித்தார்.

"கோர்ட்டு அவர் கையில இல்ல. போலீசு அவர் கையில இல்ல. பணமும் இல்ல. அவர் கையில இன்னாதான் கீது? வூட்டு ஆர்டர். அது ஒண்ணுதான். இப்பக் கேக்குறேன், பதில் சொல்லு. மோசடியில பணத்த இழந்ததால வூட்ட முடிக்க முடியாதவங்களோட ஆணைய ரத்து பண்ணாம, குடுத்தத புடிக்காம, அவகாசம் குடுக்க அரசு முன்வருமா?"

நழுவ ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினேன்.

"இன்னாய்யா மந்திரி, தூங்கிட்டியா?"

"பதில் வரலண்ணே."

"அப்ப அதான் கேள்வி" என்றார். வண்டலூர் வரை அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

4. கேள்வி நேரம்

கோட்டையில் வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லா டிரைவர்களும் போனில் நேரலை பார்ப்போம். அன்று என் பக்கத்தில் கடலூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர், என்னைவிட மூத்தவர். அண்ணனின் முறை வந்தது. மந்திரி எழுதி வைத்த பதிலைப் படித்தார். அண்ணன் துணைக் கேள்விக்கு எழுந்தார்.

முதலில் கட்சித் தலைவரை வணங்கினார். பிறகு தலைவரின் தலைவரை. தொகுதி மக்களின் நன்றியைச் சொன்னார். கேமரா அவர் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். குரல் ஏறியது.

"உங்காளு இன்னும் கள்ளக்குறிச்சியவே தாண்டல" என்றார் கடலூர்க்காரர்.

"மாண்புமிகு உறுப்பினர் கேள்விக்கு வரணும்" என்றார் பேரவைத் தலைவர்.

அண்ணன் கேள்விக்கு வந்தார். ஆனால் வந்தது விக்கிரவாண்டிக் கேள்வி. அந்த ஏமாற்றுக் கம்பெனியை எப்போது பிடிப்பீர்கள் என்று மேஜை அதிரக் கேட்டார். சுற்றிலும் மேஜைகளைத் தட்டினார்கள். மந்திரி நிதானமாக எழுந்து, வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதாகவும், அது தன் துறையும் அல்ல என்றும் சொல்லி உட்கார்ந்தார்.

"அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு. வண்டிய எடு" என்று கடலூர்க்காரர் சிரித்தார்.

அடுத்த உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. அதே பொருளில் இன்னொரு கேள்வி பட்டியலில் வருவதற்குள் மார்ச் போய்விடும். ஆனால் அண்ணன் உட்காரவில்லை. கையைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

"ஒரே ஒரு துணைக் கேள்வி, தலைவர் அவர்களே."

"சுருக்கமா கேளுங்க."

இந்த முறை வணக்கம் இல்லை, நன்றி இல்லை. செங்கல்பட்டில் கேட்டதை அப்படியே கேட்டார். மேஜையை யாரும் தட்டவில்லை. மந்திரி எழுந்தார். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதைப் படித்துவிட்டுப் பேசினார். மோசடிப் புகார் பதிவாகியிருக்கும் பயனாளிகளின் ஆணை ரத்து செய்யப்படாது. கொடுத்த தவணை பிடிக்கப்படாது. கூடுதல் அவகாசம் தரப்படும்.

"சீட்டு வந்து சொன்ன பதிலு. நிக்கும்" என்றார் கடலூர்க்காரர், இப்போது சிரிக்காமல். எங்களிடையே அப்படி ஒரு கணக்கு உண்டு. மந்திரி வாயால் மட்டும் சொன்னால் 'பரிசீலிப்போம்' என்று அர்த்தம். அதிகாரி எழுதிக் கொடுத்துச் சொன்னால் அரசாணை பின்னால் வரும்.

5. பதிலுக்கு வெளியே

மறுநாள் கள்ளக்குறிச்சியில் அண்ணனுக்குப் பட்டாசு, சால்வை. "வண்டிய எடுத்துக்கினு போய் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்றார்.

மலை ஏறிப் போய்ச் சொன்னேன். வெள்ளையம்மா கூரை இல்லாத வீட்டுக்குள் நின்று சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"புகாரு பதிஞ்சவங்களுக்குன்னா சொன்னாரு?"

"ஆமாங்க. நீங்க குடுத்துட்டீங்க இல்ல?"

விசாரித்தபோதுதான் தெரிந்தது. வழக்கு வேறு ஊர்க்காரர்கள் கொடுத்த புகாரில் வந்தது; அந்த ஊரில் ஒருவர்கூடப் புகார் கொடுத்திருக்கவில்லை. புகார் கொடுத்தால் பணம் திரும்பாது, பொறுமையாக இருங்கள் என்று பணம் வசூலித்த ஏஜெண்ட் சொல்லியிருந்தான். அந்த ஏஜெண்ட் வெள்ளையம்மாவின் அக்கா மகன். அவன் பணமும் கம்பெனியில் போய்விட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம். "அதான் வாங்கிக் குடுத்துட்டமேய்யா. புகாரு அவங்கதானே குடுக்கணும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மந்திரி சொன்னதிலும் இல்லை. ஆனாலும் அந்தச் சுவர் மார்ச் முடிந்தால் யாருடையதும் இல்லை.

வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். வெள்ளையம்மா கொட்டகைக்குள் போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆத்தா, சொந்த ரத்தத்தையா காட்டிக் குடுக்கப் போற?" என்று எதிர் வீட்டு ஆள் கேட்டார்.

"அவன் வூட்டுக்குக் கூர கீது" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று பேர் வந்து ஏறினார்கள். கேட்டவரும் ஏறினார்.

கள்ளக்குறிச்சியில் புகாரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர் நல்ல மாதிரி. கம்பெனி பெயர், தேதி எல்லாம் கேட்டார். கடைசியில் "பணத்த யாரு கையில குடுத்தீங்க?" என்றார். வெள்ளையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். போலீஸ்காரர் மறுபடியும் கேட்டார். மந்திரியாக இருந்தால் அந்த இடத்தில், வழக்கு நடக்கிறது என்று சொல்லலாம், வேறு இலாகா என்று சொல்லலாம். வெள்ளையம்மாவுக்கு இருந்தது ஒரே பதில்.

"என் அக்கா மவன் முருகேசன் கையில" என்றார். சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஆணை ரத்தாகவில்லை. புளியும் கடுக்காயும் விற்றது, திருப்பூரில் இருக்கும் மகள் அனுப்பியது எல்லாம் சேர்த்து மழைக்கு முன் கான்கிரீட் போட்டார்கள். கூரைத் தவணையும் வந்தது. கம்பெனியில் போட்ட பணம் இன்னும் வரவில்லை, வழக்கு நடக்கிறது. முருகேசனை விசாரித்துவிட்டுச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் போட்ட அன்று ஊரே கலவைச் சட்டி தூக்கியது. அவன் வரவில்லை. அவன் பங்குச் சாப்பாட்டை வெள்ளையம்மா தூக்குவாளியில் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினார். அவன் வாங்கிக்கொண்டான்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சட்டமன்றத்தில் பதில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஆபீசில் நினைப்பார்கள். அந்தப் பதிலுக்கு வெளியே யாராவது நிற்பார்கள். செய்தி சொல்ல மலைக்குப் போகிற நாளில் வண்டியில் கட்சிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். திரும்பும்போது இடம் வேண்டியிருக்கும்.