புகைபோக்கி வைத்த வீடு

யுத்தம் முடிந்து சிமெண்ட் மறுபடியும் கண்ணில் படத் தொடங்கிய சமயம். தூத்துக்குடியில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். சென்னையில் படித்தபோது நவீன கட்டடக் கலை பற்றி ஒன்றிரண்டு புத்தகங்களைப் புரட்டியிருந்தேன். அந்தத் தைரியத்தில், ஊரில் எழும்பும் புதுக் கட்டடங்களை விமர்சித்து எழுதப் போகிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னேன்.

"எழுதும். அடி விழுந்தா உமக்குத்தான்" என்றார்.

முதலில் மாட்டியது ஓர் உப்பு வியாபாரியின் வீடு. முன்சுவர் அரைவட்டம், ஜன்னல்கள் முழுவட்டம், மொட்டை மாடியைச் சுற்றிக் கம்பிக் கிராதி. 'இது வீடல்ல, கரை தட்டிய கப்பல். புகைபோக்கி ஒன்றுதான் பாக்கி' என்று எழுதி, இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்திரிகை வந்த மறுநாள் வியாபாரி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நல்ல ஆகிருதி. ஆசிரியர் சத்தமில்லாமல் அச்சு யந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"கப்பல்னு எழுதினது நீருதானா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"புகைபோக்கியை மறந்தே போனோம், பாத்தீரா! எங்கன வைக்கணும்? வந்து சொல்லும்."

"அண்ணாச்சி, நான் குறையால்லா சொன்னேன்..."

"குறை சொன்னாத்தானவே சரி பண்ண முடியும்?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் பயத்தில் கை காட்டிய இடத்தில் புகைபோக்கி எழுந்தது. கறுப்பு, சிவப்பு வர்ணமும் அடித்தார்கள்.

அதைப் பார்க்கப் போன அன்று அவர் மனைவி, அதாவது எனக்கு மதினி, என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏய்யா, வீட்டைப் பத்தி எழுதுத ஆளு, வீட்டுக்குள்ள வந்து பாக்க மாட்டீயளோ? இந்த வட்டச் சுவத்துல பீரோவை எப்படிச் சேத்து வைக்க? பின்னால பூனை குட்டி போட்டிருக்கு!"

எட்டிப் பார்த்தேன். நான்கு குட்டிகள். வளைவான சுவர் கடற்காற்றை வரவேற்கிறது என்பதுபோல் ஏதோ சொன்னேன்.

"காத்து வருது. நான் பீரோவைக் கேக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் மதினியின் பீரோவைப் பற்றி மட்டுமே எழுதினேன். அண்ணாச்சி அதையும் தலைமேல் ஏற்றுக்கொண்டார். ஏரலிலிருந்து தச்சரை வரவழைத்து, சுவரின் வளைவுக்கு அளவெடுத்து, தேக்கில் வளைந்த பீரோ ஒன்று செய்யச் சொன்னார். கொல்லையில் வைத்து ஒரு மாதம் வேலை நடந்தது. பிரமாதமான பீரோ. பிறைச் சந்திரன் மாதிரி இருந்தது.

வாசல் வழியாக அது உள்ளே நுழையவில்லை. படுக்க வைத்தார்கள், நிமிர்த்தினார்கள், தலைகீழாகத் திருப்பினார்கள். பாதி நுழைந்து, அங்கேயே சிக்கிக்கொண்டது. அண்ணாச்சி உள்ளே, நான் வெளியே.

"தம்பி," என்று பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இதைப் பத்தி என்ன எழுதுவீரு?"

நான் பதில் சொல்வதற்குள், உள்ளே இடுக்கு வழியாகத் தெரிந்த மதினி சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று எனக்குக் கருப்பட்டிக் காப்பி வட்ட ஜன்னல் வழியாகத்தான் வந்தது.