தவளை கத்தினால் லீவு

இங்கே தவளை கத்துவதைக் கேட்க முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். மெல்பர்னில் செப்டம்பரில்தான் வசந்தம் பிறக்கிறது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடை, தவளைச் சத்தம் கேட்கலாம், சத்தமில்லாத செருப்புப் போட்டு வரவும். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்குப் பேச்சுத்துணைக்குச் சுவர்தான் இருக்கிறது. அதனால் பெயர் கொடுத்தேன்.

எங்கள் எம். புதுப்பட்டியில் தவளைச் சத்தத்தை யாரும் தேடிப் போனதில்லை. தவளை கத்தினால் மழை. மழையென்றால் வெடி காயாது, பட்டாசுக் கம்பெனியில் லீவு விட்டுவிடுவார்கள், அன்றைய கூலி கிடையாது. கண்மாயில் முதல் தவளை குரல் கொடுத்ததுமே அம்மா அதன் வாயில் மண் விழ என்று திட்டுவாள். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் உள்ளூரச் சந்தோஷம், அன்று அம்மா வீட்டில் இருப்பாள். அம்மாவுக்கு முடியாமல் போனதும் அதே கம்பெனிக்கு அக்கா போக ஆரம்பித்தாள். வேண்டாமென்று நான் போனில் சண்டை போடாத வாரமில்லை. தங்கச்சி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாளாம்.

எங்களைக் கூட்டிப்போன மார்கரெட் என்ற பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். தளர்ந்த கம்பியைச் சுண்டினாற்போல் ஒரு 'பொங்க்'. எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஏரி முழுக்க அதே சத்தம். ஜோடி ஜோடியாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அப்போது தூரத்தில் 'டம்' என்றது. தவளைகள் கப்பென்று அடங்கின. மற்றவர்கள் அசையவில்லை. நான் மட்டும் திரும்பி, மரங்களுக்கு மேலே புகை தேடினேன். எங்கள் ஊரில் அப்படித்தான். சத்தம் கேட்டதும் அடுப்பில் கிடப்பதை விட்டுவிட்டு எல்லோரும் ரோட்டுக்கு ஓடிவந்து, புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். பக்கத்தை வைத்துத்தான் எந்தக் கம்பெனி, நம் வீட்டு ஆள் அங்கே இருக்கிறதா என்று தெரியும். மார்கரெட் என் கையைப் பிடித்தார். வயலில் பறவை விரட்டப் போடுகிற வேட்டுதானாம். கவலைப்படாதே, தவளைகள் மறுபடி பாடும் என்றார். தவளைகள் நின்றுபோனதற்குத்தான் நான் கலங்குகிறேன் என்று நினைத்துவிட்டார். தேங்க் யூ என்றேன்.

அதற்குள் விரல் அக்கா நம்பரை அழுத்தியிருந்தது. ஊரில் இன்னும் மத்தியானம்தான். தீபாவளி சீசன் வேறு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது வீட்டில்தான் கிடக்கும். யாரும் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்துவிட்டாள்.

"என்னடி இந்நேரத்துல?"

வேலைக்குப் போகவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"எங்குட்டுப் போக? காலையிலயிருந்து மழை ஊத்துது. லீவு விட்டுட்டாக. சீசன்ல இப்படிப் பண்ணுனா எம்புட்டுக் கூலி போகும்?"

அவள் புலம்பிக்கொண்டே போனாள். பின்னால் கண்மாய்த் தவளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. கூலி போனவளிடம் சொல்லவே முடியாத சந்தோஷம் எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கேயும் ஒவ்வொரு தவளையாகத் தொடங்க, அக்கா புலம்பலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அங்கனயும் கத்துதே. மழையாடி? ஒனக்கும் லீவா?"

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. விடிந்தால் எனக்கு டியூட்டி.

"ஆமாக்கா, லீவுதான்" என்றேன். போனை வைக்க மனம் வராமல், இரண்டு ஊர்த் தவளைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.